பதினைந்து சாண்

கதவின் கீழ்க்கீலில் திருகாணியை இறக்கிக்கொண்டிருந்தபோது மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்து, "மேஸ்திரி, அந்தம்மா இன்னைக்கே வர்றாங்களாம். பதினோரு மணிக்கு" என்றார். மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் இன்னும் இரண்டு திருகாணிகளைக் கவ்வியிருந்ததால் பதிலும் சொல்லவில்லை. நாளை காலை படப்பிடிப்பு. படத்துக்காக அவர் கட்டிய வீடு தயார். கூடம், சமையலறை, கூடத்தை ஒட்டிப் பின்பக்கம் அந்த அறை. தகரக் கூரை போட்ட பெரிய அரங்கின் நடுவே, தனக்கென்று ஒரு கூரை இல்லாமல் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் வீடு, பின்னாலிருந்து பார்த்தால் விறகு என்று பெயின்டர் கிண்டல் செய்வார். பெயின்டருக்கு அரங்கில் டிஸ்டெம்பர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அந்தம்மாவின் கதையைத்தான் படமாக எடுக்கிறார்கள். கட்டிய கணவனே தன் வீட்டுப் பின்னறையில் ஒன்பது வருடம் பூட்டி வைத்திருந்த பெண். எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மாற்ற வந்த ஆள், கீழே யாரோ ஒரு பெண் ஓயாமல் எண்களை எண்ணிக்கொண்டிருப்பதைக் கேட்டுச் சந்தேகப்பட்டுப் போலீசுக்குச் சொன்னதில்தான் விஷயம் வெளியே வந்தது. மேஸ்திரியும் அப்போது பேப்பரில் படித்தார். உச்சுக் கொட்டினார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

இப்படிப்பட்ட நிஜக் கதைகளுக்கு அவர் அறை கட்டுவது இது நாலாவது தடவை. மகளை நிலவறையில் அடைத்தவன் கதை ஒன்று, வேலைக்கு வந்த பெண்ணை மாடியில் பூட்டிய குடும்பத்தின் கதை ஒன்று, இன்னொன்று என்னவென்று ஞாபகமில்லை. கதை எதுவானால் என்ன, அறைக்கு அவரிடம் ஒரே கைப்பக்குவம்தான். சுவரில் ஈரக்கறை, மூலையில் சிலந்தி வலை, கம்பி போட்ட சின்ன ஜன்னல். படம் பார்த்தவர்கள் அந்த அறையைப் பார்த்தே மூச்சு முட்டியது என்று பாராட்டினால் மேஸ்திரிக்குப் பெருமையாக இருக்கும். அந்த அறைகளில் நிஜமாகவே இருந்தவர்கள் யாராவது படத்தைப் பார்த்தார்களா, பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அவர் புத்திக்கு எட்டியதே இல்லை.

பத்து மணிக்கு டைரக்டர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். இந்தக் கதைக்காக அந்தம்மாவின் பின்னால் மூன்று வருடம் நடையாய் நடந்தவர். "ஒரே ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "அக்கா நம்மகிட்ட வேற எதுவுமே கேக்கல. நடிக்கிறது யாருன்னு கேக்கல, கதைய எப்படி முடிக்கிறோம்னு கேக்கல. எழுதி வாங்கினது ஒரே ஒரு கண்டிஷன். அந்த ரூம் எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதான் இருக்கணும். ஒன்பது அடிக்கு ஏழரை அடி. ஒரு விரக்கடை கூடக் கூடாது."

ஏன் என்றும் அவரே சொன்னார். வழக்கு நடந்தபோது கணவன் தரப்பு வக்கீல் அந்த அறையின் போட்டோவைக் கோர்ட்டில் காட்டியிருக்கிறார். அகல லென்ஸில் எடுத்த போட்டோ. அதில் அறை கல்யாண மண்டபம் மாதிரி இருந்ததாம். காற்றோட்டமான, விசாலமான அறை, குடும்பத் தகராறில் அந்தம்மாவே உள்ளே போய் இருந்துகொண்டார் என்று வக்கீல் வாதாடினாராம். தண்டனை கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அந்த போட்டோ பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, "நல்ல பெரிய ரூமாதான் தெரிஞ்சுது" என்று அந்தம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

"அவங்களப் பத்தி ஒரு தடவ கேமரா பொய் சொல்லிடுச்சு. நாம இன்னொரு தடவ சொல்லக் கூடாது. மாறியிருந்தா படத்த நிறுத்திடறேன்னு நான் வாக்கு குடுத்திருக்கேன்" என்றார் டைரக்டர்.

மேஸ்திரி கழுத்தைத் திருப்பி, தான் கட்டிய அறையைப் பார்த்தார்.

 வரைபடத்தில் ஒன்பதுக்கு ஏழரை என்றுதான் இருந்தது. மேஸ்திரி கட்டியிருந்தது பதினொன்றே காலுக்கு ஒன்பதே கால் சொச்சம். யாரும் சொல்லி அவர் அப்படிச் செய்யவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை. அறைக்குள் கேமரா வர வேண்டும், அதைப் பிடிக்கிற ஆள் வர வேண்டும், அந்த ஆள் பின்னோக்கி நடக்கும்போது இடித்துக்கொள்ளாமல் இடுப்பைப் பிடித்து இழுக்க இன்னொருவர் வர வேண்டும். அதனால் வரைபடத்தில் என்ன இருந்தாலும் கால் பங்கு கூட்டிக் கட்டுவதுதான் அரங்கத் தச்சரின் பழக்கம். முப்பத்திரண்டு வருடமாகக் கண் ஒன்பது என்று படிக்கும், கை பதினொன்றே கால் என்று அறுக்கும். சாப்பிடும்போது கை வாய்க்குப் போகிற மாதிரி. ஆர்ட் டைரக்டர் இருந்திருந்தால் கவனித்திருப்பார். அவரோ, மேஸ்திரி இருக்கிறாரே என்ற தைரியத்தில் வேறொரு படத்துக்கு வெளியூர் போயிருந்தார்.

டைரக்டர் அந்தப் பக்கம் போனதும் மேஸ்திரி மேனேஜரை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாருக்கும் தெரிய வேணாம் மேஸ்திரி. பார்த்தா தெரியவா போகுது? எனக்கே இது சின்ன ரூமாதான் தெரியுது. அவங்க கேட்டா கரெக்டா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னா டைரக்டரும் நம்புவாங்க."

"டேப்பு வெச்சுப் பாத்தா?"

"அவங்க என்ன டேப்ப இடுப்புல சொருகிட்டா வரப்போறாங்க?"

மேஸ்திரி தன் இடுப்பிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொய்யே சொல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வீட்டில் மனைவியிடம் வாரத்துக்கு நாலு பொய் சொல்கிறவர்தான். ஆனால் அளவில் மட்டும் வாய் பொய் பேசாது. மகள் தான் விரும்பிய பையனை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்து, "அஞ்சே முக்கால் அடிப்பா" என்று பெருமையாகச் சொன்னபோது, பையனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சு எட்டு இருப்பார்" என்று சொல்லி வீட்டையே ரெண்டுபடுத்தியவர். அந்த ஒரு அங்குலத்துக்காக மகள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்போதும் அவர் அஞ்சு எட்டிலேயே நின்றார்.

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஐம்பதை ஒட்டிய பெண், குள்ளம், வெடுக்வெடுக்கென்ற நடை. கூட அவருடைய அண்ணன், நல்ல உயரம், ஆனால் பாதி உயரத்தை உள்ளேயே மடித்து வைத்துக்கொண்ட மாதிரி கூனி நின்றார். வீடு மாதிரி கட்டியிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே அண்ணன் நின்றுவிட்டார். "நீ பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தம்மா முதலில் கூடத்தைப் பார்த்தார். சோபாவைத் தொட்டார், டிவியைத் தொட்டார். "இந்தக் கூடத்த ஒன்பது வருஷம் காதாலதான் பாத்தேன். இது நல்லாருக்கு" என்றார். அவர் இப்போது பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறார் என்று டைரக்டர் அறிமுகப்படுத்தினார். அந்தக் கவுன்ட்டர் எவ்வளவு சின்ன அறை, பயமாக இருக்காதா என்று டிஸ்டெம்பர் வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது அந்த ரூமவிடச் சின்னது. ஆனா தாழ்ப்பா என் பக்கம் இருக்கே" என்று அவர் சிரித்தார்.

பிறகு சமையலறை வழியாக அந்த அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேஸ்திரி அப்போது அறைக்குள் எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தார். வேலை இருக்கிற மாதிரி சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். டைரக்டர், மேனேஜர், டிஸ்டெம்பர் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அந்தம்மா மூலையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"சிலந்தி வலை எதுக்குப் போட்டீங்க?"

டிஸ்டெம்பர் அதற்காக இரண்டு நாள் உழைத்திருந்தார். "அடைச்சு வெச்ச ரூமுன்னா..." என்று இழுத்தார்.

"ஒன்பது வருஷம் எனக்கு வேற என்னங்க வேல? பளிச்சுனு வெச்சிருந்தேன். தினம் ரெண்டு தடவ தொடப்பேன். அழுக்காக்கிட்டுப் போனா அந்தாளுக்குத்தானே சந்தோஷம்?"

டிஸ்டெம்பரின் முகம் போன போக்கைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். மேஸ்திரிக்கு, தான் இதுவரை கட்டிய எல்லா அறைகளின் மூலைகளும் கண் முன்னால் வந்து போயின.

அந்தம்மா செருப்பைக் கழற்றினார். கதவை ஒட்டிய சுவரில் இரண்டு குதிகால்களையும் சேர்த்து வைத்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். நடக்க ஆரம்பித்தார்.

அவர் நடந்த நடையை மேஸ்திரி சாகும்வரை மறக்கப் போவதில்லை. வரும்போது இருந்த வெடுக்வெடுக் நடை இல்லை இது. ஒரே சீரான, வழவழவென்ற, பாதம் தரையைக் கேட்டுக் கேட்டு வைக்கிற நடை. நேராக மேஸ்திரியை நோக்கி வந்தார். வழியில் ஓரிடத்தில் இடது தோளை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மேஸ்திரி மோதிவிடுவாரோ என்று விலகப் பார்த்தார். அதற்குள் அவர் நின்றார், கட்டைவிரலை ஊன்றித் திரும்பினார், போய்விட்டார். மேஸ்திரியின் நெஞ்சுக்கும் அவர் திரும்பிய இடத்துக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு வெறும் தரை.

மறுபடி வந்தார். மறுபடி அதே இடம். தோளை உள்ளே இழுத்த அதே இடம், நின்ற அதே இடம். பத்து தடவை, இருபது தடவை. உதடு மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். இல்லாத ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவர் நடந்துகொண்டிருந்தார், அந்தப் பக்கம் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். வாசலில் டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பாதியிலேயே ஏன் திரும்புகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அவர் மேஸ்திரியையே பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

மேஸ்திரியின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தது. அவர் முட்டி போட்டார். அந்தம்மா திரும்பிப் போன நேரம் பார்த்து, கட்டைவிரல் ஊன்றிய இடத்தில் ஒரு சின்னக் கோடு கிழித்தார். மறுபடி வந்த கால் அந்தக் கோட்டைத் தொட்டுத் திரும்பியது. அடுத்த தடவையும் தொட்டது. அதற்கடுத்த தடவையும். ஒரு தடவைகூடக் கோட்டைத் தாண்டவும் இல்லை, கோட்டுக்கு எட்டாமல் போகவும் இல்லை. மேஸ்திரி டேப்பை ஓசைப்படாமல் சுவரோரம் நீட்டிப் பார்த்தார். ஒன்பது அடிக்கு நாலு விரல் குறைவு. ஒரு மனிதர் சுவரில் மூக்கு இடிக்காமல் திரும்பச் சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. தோளை இழுத்த இடத்தை அளந்தார். வரைபடத்தில் அலமாரியின் முனை அங்கேதான் இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக எத்தனையோ டேப்புகள் அவர் கையில் இருந்திருக்கின்றன. எஃகு டேப் கோடையில் ஒரு நூலளவு நீளும், துணி டேப் ஈரத்தில் இழுத்துக்கொள்ளும். இப்படி ஒரு அளவுகோலை அவர் கண்டதில்லை.  முட்டி போட்டவர் எழுந்திருக்கவே தோன்றாமல் அப்படியே இருந்தார்.

அந்தம்மா கண்ணைத் திறந்தார். எதிரே சுவர் எட்டத்தில் நின்றது. காலடியில் சாக்கட்டிக் கோடு. 

"யார் இதக் கட்டினது?"

"நான்தாம்மா" என்றார் மேஸ்திரி.

"எவ்வளவு?"

"கரெக்டா ஒன்பதுக்கு ஏழரை மேடம்" என்று மேனேஜர் வாசலிலிருந்து அவசரமாகச் சொன்னார். "மேஸ்திரியே சொல்லுவார்."

மேஸ்திரி எழுந்து நின்றார். முட்டி இரண்டும் கடகடவென்று சத்தம் போட்டன. "பதினொண்ணே கால்மா. அகலமும் கூடத்தான். பழக்க தோஷத்துல செஞ்சுட்டேன். கேமராவுக்குன்னு எப்பவும் கால் பங்கு கூட்டித்தான் கட்டுவோம். டைரக்டருக்குத் தெரியாது. தப்பு என்னுது."

டைரக்டர் வெளிறிப்போனார். மூன்று வருட நடை வீணாகப் போகப்போகிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அக்கா..." என்று ஒரு அடி முன்னால் வந்தார். அந்தம்மா அவரைப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தார். அந்த உபரி இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இந்த ரெண்டேகால் அடி எனக்கு இருந்திருந்தா" என்றார், மெதுவாக, கணக்குப் போடும் குரலில், "ஆறு நாள் முன்னாடியே போய்ச் சேந்திருப்பேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அறை அவர் கையால் பதினைந்து சாண். நீளவாக்கில் நானூறு தடவை நடந்தால் ஒரு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை, ஐந்து கிலோமீட்டர். அண்ணன் வீடு நூற்றைம்பது கிலோமீட்டர். முப்பது நாளில் போய்விடலாம். வழியில் இருக்கிற பாலம், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம் எல்லாம் அவருக்குத் தெரியும். எந்த எண்ணில் எது வரும் என்று மனப்பாடம். மழை பெய்தால் அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒதுங்கிக்கொள்வாராம். காய்ச்சல் வந்த நாட்களில் பாலத்தடியில் படுத்துவிடுவாராம்.

"அறுபத்து மூணு தடவ அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கேன்."

"திரும்பி வரதும் நடந்தேவாம்மா?" என்று டிஸ்டெம்பர் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"வரதுக்கு பஸ்தான். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துரும்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மேஸ்திரி, இதக் குறைச்சிருங்க."

"குறைச்சா கேமரா உள்ள வராதேக்கா" என்றார் டைரக்டர், அழுகையை அடக்கிக்கொண்டு. "படம் பாக்கறவங்க உள்ள உங்களோட இருக்கணும்னு நெனச்சேன்."

"என்கூட உள்ள யாரும் இல்லையேம்மா."

 மேஸ்திரிதான் வாயைத் திறந்தார். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற நீளச் சுவரைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவிடலாம், நாலே கொக்கி போதும். சுவரைக் கழற்றினால் கேமரா கூடத்தில் நின்று பார்க்கும். உள்ளே ஒருவரும் வர வேண்டாம். அறை ஒன்பதுக்கு ஏழரையாகவே இருக்கும். சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்றார். டைரக்டர் கூடத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அன்று மேஸ்திரி வேலை செய்த வேகத்தை அரங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டு சுவர்களை இறக்கி அறுத்தார், சட்டம் கோத்தார், டிஸ்டெம்பர் ஈரக்கறையை எல்லாம் வெளுத்து, சிலந்தி வலையைத் துடைப்பத்தால் அடித்துத் தள்ளினார். அந்தம்மா போகவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டார். இன்னொன்றை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முதுகு இன்னும் வீட்டின் பக்கம்தான்.

"அண்ணன் உள்ள வரமாட்டாரு" என்று அவர் மேஸ்திரியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மூணு தடவ அந்த வீட்டுக்கு வந்தாரு. கூடத்துல உக்காந்து, என் தங்கச்சி இப்படிப் பண்ணிட்டாளே, மன்னிச்சிருங்க மாப்ளேன்னு அந்தாள்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு. மொத தடவ வந்தப்ப நான் இந்தச் சுவரத் தட்டுனேன். கை வீங்குற வரைக்கும் தட்டுனேன். அந்தாளு டிவிய அலற விட்டுட்டாரு. அண்ணனுக்குக் கேக்கல."

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அதுக்கப்புறம் தட்டுறதையே விட்டுட்டேன். அறுபத்து மூணு தடவ நடந்து போனேனே, ஒரு தடவகூட அவர் வீட்டுக் கதவத் தட்டல. வாசல் வரைக்கும் போவேன், நிப்பேன், திரும்பிடுவேன். தட்டி, அப்பவும் தெறக்கலன்னா மறுநாள் நடக்கக் கால் வராதுல்ல?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. ஒரு வேலையை எப்படிச் செய்தேன் என்று இன்னொரு வேலைக்காரரிடம் சொல்கிற குரல்தான். மேஸ்திரிக்கு அதுதான் தாங்கவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தனக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு அறை முடிந்தது. கூடத்துப் பக்கம் சுவரின் ஓரமாக, பெயின்டில் மறைந்தும் மறையாமலும் நாலு கொக்கிகள். அந்தம்மா உள்ளே போய்த் தரையில் குனிந்து சாண் போட்டார். பதினைந்தாவது சாணில் சுண்டுவிரல் சுவரைத் தொட்டது. நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். மேஸ்திரி வாங்கிய விருது ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை வாங்கிய மேடையில்கூட அவருக்குக் கண் கலங்கியதில்லை.

"சுவர மாட்டுங்க. ஒரு தடவ நடந்து பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

மேஸ்திரியும் டிஸ்டெம்பரும் சுவரைத் தூக்கி வைத்துக் கொக்கிகளை மாட்டினார்கள். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்று பார்க்க யாராவது சோபாவில் உட்கார வேண்டும் என்றார் டைரக்டர். மேனேஜர் ஓடி வந்தார். மேஸ்திரி அவரைக் கையமர்த்திவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியிடம் போனார்.

"சார், ஒரு ஒத்தாச. கொஞ்சம் உயரமான ஆளு வேணும்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மறுக்கத்தான் வாயெடுத்தார். ஏனோ எழுந்து மேஸ்திரியின் பின்னாலேயே வந்து, சோபாவின் விளிம்பில், இன்னொருவர் வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். எதிரே டிவி அணைந்து கிடந்தது. பக்கவாட்டில் அந்தச் சுவர்.

சுவருக்குப் பின்னால் காலடிச் சத்தம் தொடங்கியது. மூன்று மில்லி பிளைவுட் எதையும் மறைக்காது. பாதம் வைப்பது, கட்டைவிரல் ஊன்றுவது, திரும்புவது, எல்லாம் கேட்டது. அண்ணனின் தலை அந்தச் சத்தத்தோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திரும்பியது. மேஸ்திரியும் எண்ணினார். முப்பது, நாற்பது.  நூற்றைம்பது கிலோமீட்டர் இப்படித்தான் போயிற்று, இந்தப் பக்கம் ஒரு ஆள் டிவி பார்த்துக்கொண்டிருக்க, என்று நினைத்தபோது மேஸ்திரிக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

சத்தம் நின்றது.

சுவரின் நடுவில், சோபாவுக்கு நேராக, யாரோ இரண்டு தடவை தட்டினார்கள். மெதுவாகத்தான். அடுத்த வீட்டில் இருப்பவர் தட்டுகிற மாதிரி.

மேஸ்திரி கொக்கியை நோக்கிக் கை நீட்டுவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். எழுந்தபோதுதான் அவர் எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. ஆறடிக்கு ஒரு விரல் கூடவே இருப்பார். சுவரை இரண்டு கையாலும் தடவினார். அங்கே பிடி இல்லை, கதவு இல்லை, வழவழவென்ற பச்சைப் பெயின்ட் மட்டும்.

"எங்க பிடிக்கணும்?" என்றார். "எங்கங்க பிடிக்கணும் இத?"

"இந்த ஓரத்துல பிடிங்க சார். நான் அந்த ஓரம். கொக்கிய எடுத்துட்டேன். லேசா தூக்கினா வந்துரும்."

அண்ணன் தன் பலத்தையெல்லாம் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அவ்வளவு பலம் தேவையே இல்லை. காய்ந்த சட்டமும் பிளைவுட்டும் சேர்ந்து ஒரு கட்டில் கனம்கூட இல்லை. சுவர் ஒரேயடியாகக் கையோடு வந்துவிட்டது. அவர் ஒரு அடி பின்னால் தடுமாறினார். எதிரே, ஒன்பதுக்கு ஏழரையின் நடுவில், தட்டிய கை இன்னும் மடங்கியபடி தங்கை நின்றிருந்தார்.  மேஸ்திரி தன் பக்கத்துப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் சுவரின் மறுமுனையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.